தள்ளிவிட்டுக் கழட்டு

மடுல்சீமையில் கோச்சி ஓடுவதில்லை. கோச்சியைக் கண்ணால் பார்க்க வேண்டுமானால் பசறை வழியாக பஸ்ஸில் குலுங்கிக்கொண்டு பதுளைக்குப் போக வேண்டும். ஆனாலும் எங்கள் லயத்து இஸ்தோப்பில், எட்டடி நீளம் இரண்டடி அகலப் பலகையில், ஒரு பதுளை ஸ்டேசன் இருக்கிறது. மூலையில் வளைந்து ஹாலி எல பக்கம் ஏறிப் போகிற பாதையும் இருக்கிறது. ஸ்டோரில் ஃபிட்டர் வேலை பார்த்து ஓய்ந்த பிறகு நான் அடுக்கியது. சாமான்களில் பாதி லண்டனிலிருக்கும் மச்சான் மகன் அனுப்பியவை, பாதி கனடாவிலிருக்கும் தங்கச்சி மகள் அனுப்பியவை.

பள்ளிக்கூடம் விட்டதும் பிள்ளைகள் வந்து நிற்கிறீர்கள். எல்லாருக்கும் ஓட்டத்தான் ஆசை. ஓட்டுவதில் என்ன இருக்கிறது, குமிழைத் திருப்பினால் ஓடும். பெட்டியை மாட்டவும் கழட்டவும் தெரிந்தால்தான் கோச்சிக்காரன். என் தாய்மாமா பதுளை ஸ்டேசனில் பெட்டி மாட்டுகிற வேலை பார்த்தவர். கீழே இருப்பதில் அவர் வாயிலிருந்து வந்தது கொஞ்சம், நான் கையைச் சுட்டுக்கொண்டு படித்தது கொஞ்சம். கொப்பியில் எழுதிக்கொள்ளுங்கள். ஒவ்வொரு நாளும் தொண்டை வறளக் கத்த என்னால் முடியாது.

1. கொக்கியைப் பார்த்துவிட்டு மாட்டு.

லண்டன் பெட்டிகள் ஹோர்ன்பி. பெட்டிக்குக் குறுக்கே ஒரு பட்டை, அதற்கு மேலே முன்னுக்கு நீட்டிய கொக்கி. இரண்டு பெட்டி முட்டும்போது கொக்கி எழும்பி, எதிர்ப்பட்டையைத் தாண்டி, அந்தப் பக்கம் விழும். கனடாப் பெட்டிகளில் இருப்பது கேடி. பெயரைக் கேட்டுச் சிரிக்காதே. கீத், டேல் என்ற எட்வர்ட்ஸ் சகோதரர்கள் தங்கள் பெயரின் முதலெழுத்துகளான கே, டி இரண்டையும் சேர்த்து வைத்த பெயர் அது. இரண்டு கையின் விரல்களை மடக்கி ஒன்றோடொன்று கோத்துப் பார், அதுதான் அந்தக் கப்ளிங். ஈலை ஜான்னி என்ற அமெரிக்கர் 1873இல் காப்புரிமை வாங்கிய பெரிய கப்ளிங்கின் குட்டி. அதற்கு முன்பெல்லாம் அங்கே ஒரு ஆள் பெட்டிகளுக்கு நடுவில் நின்று, வளையத்தைக் கையால் தூக்கிப் பிடித்து, முட்டுகிற நேரத்துக்குச் சரியாக ஆணியைப் போட வேண்டும். விரல் போனவர்களும் உயிர் போனவர்களும் ஏராளம். 1893இல் சட்டம் போட்ட பிறகுதான் அந்த முறை ஒழிந்தது.

ஹோர்ன்பியும் கேடியும் ஒன்றையொன்று பிடிக்காது. பலவந்தமாக முட்டினால் ஏதாவதொன்று உடையும், அநேகமாக விலை கூடியதுதான் உடையும். அதற்குத்தான் அந்தப் பழுப்புப் பெட்டிக்கு ஒரு முனையில் ஹோர்ன்பியும் மறுமுனையில் கேடியும் போட்டு வைத்திருக்கிறேன். இரண்டு வகையும் ஒரே கோச்சியில் போக வேண்டுமென்றால் அதை நடுவில் விடு. பெரிய ரயில்பாதைகளிலும் இந்த உபாயம் உண்டு.

2. உயரம் ஒன்றாக இருக்க வேண்டும்.

இரண்டு கொக்கியும் ஒரே மட்டத்தில் இல்லாவிட்டால், நிற்கும்போது பிடித்த மாதிரி இருக்கும்; பலகையின் மேடு பள்ளத்தில் போகும்போது ஒன்று மேலே நழுவி, பின்பெட்டி நடுப்பாதையில் நின்றுவிடும். சரியாக இருக்கும் ஒரு பெட்டியை அளவுப்பெட்டியாக வைத்துக்கொள். நான் சிவப்புப் புள்ளி போட்டிருப்பது அதற்குத்தான். புதிதாக வரும் எதையும் கண்ணாடித் துண்டின் மேல் வைத்த தண்டவாளத்தில் அதன் பக்கத்தில் நிறுத்தி, கண்ணைத் தாழ்த்திப் பார். பணிந்திருந்தால் சக்கரக்கூட்டுக்கு மேலே அட்டையில் வளையம் வெட்டிப் போடு.

கேடியின் அடியில் வளைந்து தொங்குகிற கம்பியையும் கவனி. பிரேக் குழாய் மாதிரி அழகுக்கு வைத்தது என்று நினைக்காதே. பாதைக்கு நடுவில் இருக்கும் காந்தம் பிடித்து இழுப்பது அதைத்தான். அது தண்டவாளத்தின் தலையை விடக் கீழே இறங்கினால், பாதை பிரியும் இடத்தில் கொளுவி பெட்டி கவிழும்.

3. நேர்ப்பாதையில் மாட்டு.

வளைவில் இரண்டு பெட்டியின் முகமும் ஒன்றையொன்று பார்க்காது. கொக்கி ஒரு பக்கம், பட்டை ஒரு பக்கம். நம்ம மலைநாட்டுப் பாதையில் வளைவுகள் கடுமை என்று எல்லாரும் சொல்வார்கள். உண்மைதான். ஆகக் கடுமையான வளைவுக்கு ஆரம் 5 சங்கிலி, அதாவது ஏறக்குறைய 100 மீட்டர். அதை ஹோர்ன்பி அளவுக்கு, 76இல் ஒரு பங்காகச் சுருக்கினால் 1.3 மீட்டர் வரும். என் மூலையில் இருக்கும் வளைவு எவ்வளவு தெரியுமா? 44 சென்ரிமீட்டர்! அந்த வளைவை விட மூன்று மடங்கு கொடுமை இந்த இஸ்தோப்பில் நடக்கிறது. கோச்சி ஓடுவதே பெரிய காரியம், அதில் நின்று மாட்டவும் வேண்டுமென்றால் எப்படி?

(அகலத்திலும் ஒரு பொய் இருக்கிறது. நம்ம பாதை ஐந்தரை அடி அகலம். சரியாகச் சுருக்கினால் 22 மில்லிமீட்டர் வர வேண்டும். கடையில் கிடைப்பது 16.5. கெட்டிக்காரப் பயல் ஒருவன் அளந்து பார்த்துக் கண்டுபிடித்துவிட்டான். நான் ஒத்துக்கொண்டேன்.)

4. மெதுவாக.

மாமா சொல்வார், "நெறஞ்ச கொழுந்துக் கூடைய தராசுல வைக்கிற மாதிரி வரணும்டா." காதைக் கொடுத்துக் கேள். சரியாக மாட்டினால் ஒரே ஒரு 'டக்'. இரண்டு 'டக்' கேட்டால் முட்டித் தெறித்துத் திரும்பவும் முட்டியிருக்கிறது என்று அர்த்தம், கொக்கி விழுந்திருக்காது. தூரத்திலிருந்து வேகமாக வந்து கடைசியில் குமிழைத் திருப்பாதே. ஒரு பெட்டி நீளத்துக்கு முன்னாலேயே நிறுத்து. நிறுத்திவிட்டு, பிறகு ஊர்ந்து வா.

5. மாட்டியதும் ஒரு விரற்கடை இழுத்துப் பார்.

6. கழட்டுவதற்கு முன்னால் தள்ளு.

இதுதான் பாடம். இது தெரியாமல் போன வருடம் மட்டும் நாலு கொக்கி போச்சு.

இழுபட்டுக் கொண்டிருக்கும் கொக்கியை யாராலும் கழட்ட முடியாது. கழட்ட முடியாதபடிதான் அதைச் செய்திருக்கிறார்கள். ஓடும்போது கோச்சி அறுந்து போகாமல் இருக்க வேண்டாமா? ஹோர்ன்பிக் கொக்கிகள் இழுவையில் ஒன்றையொன்று கவ்வி நிற்கும், கேடியும் அப்படித்தான். இழுவை தளர்ந்தால்தான் வழிவிடும். ஆகவே நிறுத்து, இஞ்சினைப் பின்னுக்கு ஒரு நெல்லளவு தள்ளு, கொக்கிகளுக்கு நடுவில் இளக்கம் வந்ததா என்று பார், அதற்குப் பிறகு கை வை.

நிஜப் பெட்டியிலும் இதே கதைதான். நம்ம கோச்சிப் பெட்டிகளில் அநேகமாக இரண்டு பக்கமும் பஃபர், நடுவில் பெரிய கொக்கி, அதிலிருந்து தொங்கும் திருகுக் கப்ளிங். அந்தத் திருகில் ஒரு பாதி வலப்புரி, மறுபாதி இடப்புரி. நடுவில் உள்ள பிடியைச் சுற்றினால் இரண்டு முனையும் ஒரே நேரத்தில் கிட்ட வரும், மறுபக்கம் சுற்றினால் இரண்டும் விலகும். மாமா ஒருநாள் என்னிடம் ஒரு கயிற்றின் இரண்டு முனையையும் கொடுத்து இழுத்துப் பிடிக்கச் சொன்னார். நடுவில் போட்ட முடிச்சைத் தானே அவிழ்க்கப் பார்த்தார். அவிழவில்லை. "இப்ப கிட்ட வா" என்றார். ஓரடி முன்னுக்குப் போனேன், முடிச்சு கையோடு வந்தது. "இஞ்சின் டிரைவர்ட்ட நான் கேக்கிறது அந்த ஓரடியத்தான்" என்றார். பஃபர் அமுங்குகிற அளவுக்கு இஞ்சின் பின்னுக்கு வந்து நிற்க வேண்டும். இல்லாவிட்டால் பிடியில் தொங்கினாலும் திருகு அசையாது.

தளர்த்திய பிறகு எதால் கழட்டுவது? விரலால் வேண்டாம். ஹோர்ன்பிக்கு, சைக்கிள் பிரேக் கம்பியிலிருந்து ஒரு இழை எடுத்து நுனியை மடக்கி வைத்திருக்கிறேன். கொக்கிக்கு அடியில் விட்டு மேலே தூக்கினால் போதும். கேடிக்கு மூங்கில் சிராய். நுனியைத் தட்டையாகச் சீவி, இரண்டு விரல்களும் கோத்திருக்கும் இடத்தில் மேலிருந்து இறக்கி, கடிகாரத்துக்குச் சாவி கொடுப்பது போல ஒரு முறுக்கு. இங்கிலாந்தில் சரக்குப் பெட்டிச் சங்கிலிகளை ஆட்கள் நீளப் பொல்லின் நுனியில் கொக்கி வைத்துத்தான் எடுத்துவிட்டார்கள். உங்கள் சிராய் அந்தப் பொல்லின் பேரப்பிள்ளை.

கேடியில் இன்னொரு சுகம் இருக்கிறது. காந்தத்துக்கு மேலே நிறுத்தித் தளர்த்தினால் தானாகவே கழரும். கழன்ற பெட்டியை அப்படியே உள்ளே தள்ளிக்கொண்டு போய், வேண்டிய இடத்தில் விட்டுவிட்டு வரலாம். முட்டிக்கொண்டே போனாலும் மறுபடி கொளுவாது. முதல் தடவை பார்த்தபோது நான் இருபது தரம் செய்து பார்த்தேன், கிழவனுக்கு என்ன பைத்தியம் என்று வீட்டில் கேட்டார்கள்.

செய்யக்கூடாதது: பெட்டியைக் கூரையில் பிடித்துத் தூக்கிக் கழட்டுவது. எல்லாரும் செய்வது இதைத்தான். கொக்கி மேல்நோக்கி வளைந்துவிடும், அன்றைக்குத் தெரியாது, அடுத்த கிழமை கோச்சி நடுவழியில் அறும்போது தெரியும்.

7. கழட்டி விட்ட பெட்டியை எது பிடித்துக்கொண்டிருக்கும்?

இதைக் கேட்காமல் கொக்கியில் கை வைக்காதே. நம்ம பாதையில் பட்டிப்பொல ஸ்டேசன் 1,898 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. பதுளை சுமார் 650 மீட்டர். நடுவில் மேடு பள்ளம் எத்தனையோ இருந்தாலும் மொத்தத்தில் இறக்கம்தான். ஏற்றம் கடுமையான இடங்களில் 44 அடி போனால் ஓரடி ஏறும். என் பலகையிலும் அதே கணக்கில்தான் முட்டுக் கொடுத்திருக்கிறேன், 44 சென்ரிமீட்டருக்கு ஒரு சென்ரிமீட்டர். கண்ணுக்குத் தெரியாது. பெட்டிக்குத் தெரியும்.

அயர்லாந்தில் ஆர்மா என்ற ஊர். 1889 ஜூன் 12. ஞாயிறு பள்ளிப் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு கடற்கரைக்குப் போன சுற்றுலாக் கோச்சி ஒன்று ஏற்றத்தில் இழுக்க முடியாமல் நின்றுவிட்டது. நம்ம ஏற்றத்தோடு பார்த்தால் அது ஒன்றுமேயில்லை, 75க்கு ஒன்று. கோச்சியை இரண்டாக்கி முன்பாதியை முதலில் கொண்டு போகலாம் என்று முடிவு செய்தார்கள். அந்தக் கோச்சியின் பிரேக், குழாயில் வெற்றிடம் இருக்கும் வரைதான் பிடிக்கிற வகை. குழாயைப் பிரித்ததும் பின்பாதிக்குப் பிரேக் இல்லை. கார்டின் பெட்டியில் உள்ள கைப்பிரேக்கும், சக்கரத்துக்கு அடியில் வைத்த கற்களும்தான் பத்துப் பெட்டிகளைப் பிடித்துக்கொண்டிருந்தன. இஞ்சின் புறப்படும்போது முன்பாதி கொஞ்சம் பின்னுக்கு வந்து பின்பாதியைத் தொட்டது. கொஞ்சம்தான். கற்கள் நொறுங்கின. பெட்டிகள் இறக்கத்தில் ஓடி, பின்னால் வந்த கோச்சியில் மோதின. சுமார் 80 பேர் செத்தார்கள், பலர் பிள்ளைகள்.

அதே வருடம் அங்கே சட்டம் வந்தது. பயணிகள் கோச்சிக்குத் தானியங்கிப் பிரேக் கட்டாயம். அதன் சூட்சுமம் தலைகீழ்: குழாயில் வெற்றிடம் இருக்கும் வரை பிரேக் விலகி நிற்கும். குழாய் பிரிந்தாலோ அறுந்தாலோ காற்று உள்ளே புகுந்து பிரேக் தானாகப் பிடிக்கும். நம்ம நாட்டிலும் வந்த வெற்றிடப் பிரேக் இந்த வகைதான். அப்படியிருந்தும் மாமா குழாயில் கை வைப்பதற்கு முன்னால் சக்கரத்துக்குக் கட்டை வைத்துவிடுவார். காற்றை நம்பி யாராவது பெட்டியை விடுவானா என்று கேட்பார்.

பொம்மைப் பெட்டிக்கு எந்தப் பிரேக்கும் கிடையாது. அச்சின் நுனி ஊசி மாதிரி, ஊதினாலே ஓடும். எனக்கு நடந்ததைச் சொல்கிறேன். ஹாலி எல பக்கத்து ஏற்றத்தில் மூன்று பெட்டிகளைக் கழட்டிவிட்டு, அடுப்பில் பால் பொங்குகிறது என்று உள்ளே போனேன். வந்து பார்த்தால் பதுளை ஸ்டேசனில் ஒன்றையும் காணோம். பலகை முனையைத் தாண்டி சிமெந்துத் தரையில் கிடந்தன. அன்றைக்குப் பிறகு இரண்டு காரியம் செய்தேன். பாதை முடிகிற இடத்தில் கட்டை அடித்தேன். ஏற்றத்தில் பெட்டி நிறுத்தும் இடத்தில், பழைய பல்லு பிரஷிலிருந்து நாலைந்து மயிரைப் பிடுங்கி, சிலிப்பர் கட்டைகளுக்கு நடுவில் துளையிட்டு நட்டேன். மயிர் அச்சை உரசிப் பிடிக்கும். இஞ்சின் இழுத்தால் விட்டுவிடும். நட மனமில்லாதவர்களுக்கு நெருப்புக்குச்சி இருக்கிறது. சக்கரத்துக்குக் கீழ்ப்பக்கமாக வை, மேல்பக்கமாக வைத்து என்ன பிரயோசனம்?

8. குமிழ் ஒருவன் கையில், கொக்கி ஒருவன் கையில்.

கொக்கியில் இருப்பவன் சொல்வதைத்தான் குமிழில் இருப்பவன் கேட்க வேண்டும். மூன்று சொல் போதும்: வா, நில், தள்ளு. சுற்றி நிற்கிற மற்ற எட்டுப் பேரும் வாயை மூடிக்கொண்டிருக்க வேண்டும். மாமாவோடு வேலை பார்த்த ஒருவருக்கு வலது கையில் இரண்டு விரல் இல்லை. எந்த ஸ்டேசன் என்பது வேண்டாம். வேறு யாரோ யாருக்கோ காட்டிய கையைத் தனக்குக் காட்டியதாக இஞ்சின்காரர் நினைத்துக்கொண்டார், அவ்வளவுதான். பெட்டி அசைந்துகொண்டிருக்கும்போது நடுவில் போவதில்லை என்பது அவர்கள் சட்டம். நம்ம சட்டம்: குமிழ் பூச்சியத்துக்கு வந்த பிறகுதான் சிராய் உள்ளே போகும்.

9. கனம் முன்னால்.

லேசான பெட்டி இஞ்சினுக்குப் பக்கத்திலும் கனமானவை பின்னாலும் இருந்தால், வளைவில் லேசானது உள்பக்கம் சாய்ந்து கவிழும், பழி கொக்கிக்கு வரும். அமெரிக்க மாடல்காரர் சங்கத்தின் கணக்கு ஒன்று உண்டு: பெட்டிக்கு 28 கிராம், அதோடு நீளத்தில் ஒவ்வொரு அங்குலத்துக்கும் 14 கிராம். ஆறங்குலப் பெட்டி 112 கிராம் இருக்கலாம். குறைந்தால் உள்ளே ஆணியோ ஈயத்துண்டோ ஒட்டு.

10. எந்தப் பெட்டி எங்கே போகிறது என்று கேட்டுவிட்டு மாட்டு.

இதை நான் விளையாட்டுக்குத்தான் எழுத நினைத்தேன். எழுதும்போது மாமா ஞாபகம் வருகிறது. 1964 அக்டோபர் 30இல் இலங்கைப் பிரதமர் சிறிமாவும் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் கையெழுத்துப் போட்டார்கள். நம்ம ஆட்களில் 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இங்கே, மிச்சம் 1,50,000 பேரைப் பற்றிப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று. அதற்குப் பிறகு மலைநாட்டு ஸ்டேசன்களிலிருந்து தலைமன்னாருக்குச் சனம் ஏற்றிப் போன கோச்சிக்கு நம்ம ஆட்கள் வைத்த பெயர் ஒப்பாரிக் கோச்சி. தகரப் பெட்டியும் சட்டிமுட்டியுமாக ஏறியவர்கள் ஜன்னல் வழியாகப் பிடித்த கையை விடமாட்டார்களாம். பெட்டிகளுக்கு நடுவில் குனிந்து திருகைச் சுற்றிக்கொண்டிருக்கும் மாமாவுக்கு அந்தச் சத்தம் தலைக்கு மேலே கேட்கும். அந்த நாட்களில் வீட்டுக்கு வந்தால் அவர் யாரோடும் பேசமாட்டார். கையில் கிறீஸ் கறையைச் சவர்க்காரம் போட்டுக் கழுவிக்கொண்டே இருப்பார்.

சரி. ஹாலி எலப் பெட்டி பின்னால், பதுளைப் பெட்டி முன்னால். எழுதி ஒட்டியிருக்கிறேன், பார்த்து மாட்டு.

11. எண்ணெய் வேண்டாம்.

மடுல்சீமை மூட்டத்துக்கு எல்லாம் துருப்பிடிக்கும், கொக்கி இறுகும். உடனே தையல் மெஷின் எண்ணெயைத் தேடி ஓடாதே. எண்ணெயில் தூசு ஒட்டும், தூசு சேறாகும், முன்னைக்கு மோசம். கறுப்புப் பென்சில் ஒன்றைச் சீவி, கூரைத் தூளாக்கி, தூரிகையால் தடவு. வழுக்கிக்கொண்டு வேலை செய்யும்.

கேடிக்குள் இருக்கும் சுருள்கம்பி கடுகை விடக் கொஞ்சம் பெரிது. கழன்றால் தெறித்துவிடும், தெறித்தது கிடைக்காது. கையையும் பெட்டியையும் வெள்ளைச் சொப்பிங் பேக் ஒன்றுக்குள் விட்டுக்கொண்டு வேலை செய். தெறித்தாலும் பைக்குள்தான்.

காந்தங்களை வேலை முடிந்ததும் எண்ணி டப்பாவில் போடு. தவழுகிற பிள்ளை இரண்டு காந்தத்தை விழுங்கினால் வயிற்றுக்குள் அவை ஒன்றையொன்று தேடிக் குடலை நசுக்கும். இதில் மட்டும் பகிடிக்கு இடமில்லை. ஒரு காந்தம் குறைந்தால் அன்றைக்கு யாரும் வீட்டுக்குப் போக முடியாது.

12. கடைசிப் பெட்டிக்கு விளக்கு.

கோச்சி ஸ்டேசனைத் தாண்டும்போது அதன் வாலில் விளக்கு இருக்கிறதா என்று ஸ்டேசன்காரர்கள் பார்ப்பார்கள். இருந்தால் கோச்சி முழுசாக வந்துவிட்டது. இல்லாவிட்டால் பின்னால் எங்கேயோ ஒரு துண்டு நிற்கிறது, அடுத்த கோச்சியை அந்தப் பாதையில் விட முடியாது. அதற்குத்தான் கடைசிப் பெட்டியில் ஒட்டுவதற்கு ஒரு குண்டுமணி வைத்திருக்கிறேன். (வாயில் போடாதே, அதன் பருப்பு நஞ்சு.)

போன சனிக்கிழமை பத்து வயசுப் பிள்ளை ஒருத்தி கோச்சியை ஹாலி எலயிலிருந்து இறக்கிக் கொண்டு வந்தாள். பால்மா டின் சுரங்கத்துக்குள் போய் வெளியே வந்ததும் பையன்கள் கைதட்டினார்கள். இஞ்சின் வந்து நின்றது, பெட்டிகள் நின்றன. அவள் மட்டும் கைதட்டாமல் குனிந்து வாலைப் பார்த்தாள். குமிழைப் பூச்சியத்துக்குத் திருப்பினாள். பிறகு நெருப்புக்குச்சியைக் கையில் எடுத்துக்கொண்டு டின்னுக்குள் எட்டிப் பார்க்கப் போனாள்.